சின்னப் பிள்ளையளோட நத்தார்க் கப்பல்: போகலாமோ, விடலாமோ?

பாசையூர்த்தாய் | 2024 செப்டெம்பர் 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

ரொறன்ரோவில இருக்கிற என்ர அண்ணா ஆறு வருசத்துக்குப் பிறகு குடும்பத்தோட வாறார். இந்த நத்தாரை எல்லாரும் சேர்ந்து கப்பலில கொண்டாடுவம் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். சிங்கப்பூரில ஏறி, பினாங்கு போய், திரும்பச் சிங்கப்பூரிலயே இறங்கிறது. 23ஆம் திகதி ஏறினால் 27 இறக்கம். கப்பல் முழுக்க நத்தார் சோடினையாம், நத்தார் தாத்தா வந்து பிள்ளையளுக்குப் பரிசு குடுப்பாராம், கரோல், இஞ்சி பிஸ்கற்றில வீடு கட்டுற விளையாட்டு எண்டு பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறார். காசு முழுக்க அவர்தான்.

பெரியவளுக்கு 6 வயசு. சின்னவனுக்கு 2 முடிஞ்சு ஒரு மாதம், இன்னும் பம்பர்ஸ்தான். பெரியவளுக்கு பஸ்ஸில கொடிகாமம் தாண்டமுதலே சத்தி வந்திடும். கப்பலில என்ன செய்யப்போறாள் எண்டு நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

மற்றது மாமி, இவரின்ர அம்மா. எங்களோடதான் இருக்கிறா. அவ 2004 சுனாமி அடிச்ச மணற்காட்டில பிறந்து வளந்தவ. டிசெம்பர் 26 நடுக்கடலில நிப்பம் எண்டு அண்ணா சொன்ன உடன அவவின்ர முகம் மாறிப்போச்சு. "நீங்கள் போங்கோ, நான் வரேல்லை" எண்டிட்டு எழும்பிப் போயிட்டா. அதுக்குப் பிறகு அந்தக் கதையை வீட்டில ஒருத்தரும் எடுக்கேல்லை.

நாங்கள் கடல் தெரியாத ஆக்கள் இல்லை. என்ர அப்பா நாப்பது வருசம் பாசையூரில கடல்தொழில் செய்தவர். ஆனா இப்பிடிக் கப்பல் எங்களுக்குப் புதுசு. சின்னப் பிள்ளையளோட போய் வந்த ஆக்கள் உண்மையைச் சொல்லுங்கோ.

ஸ்காபறோமாமி | 2024 செப்டெம்பர் 9, காலை 6.15

தங்கச்சி, நான் என்ர மகள், மருமகன், மூண்டு பேரப்பிள்ளையளோட புளோரிடாவில ஏறி கரிபியன் பக்கம் நத்தார்க் கப்பல் போய் வந்தனான். கடைசிப் பேரனுக்கு அப்ப ஒண்டரை வயசு. அதால வடிவாச் சொல்லுவன்.

முதல் விசயம், நீச்சல் தடாகம். பம்பர்ஸ் கட்டிற பிள்ளையைப் பெரிய தடாகத்தில இறக்க விடவே மாட்டினம். தண்ணிக்கெண்டு விக்கிற பம்பர்ஸ் கட்டினாலும் விடமாட்டினம். சில கப்பலில மட்டும் குஞ்சுகளுக்கெண்டு தனியாத் தண்ணி தெளிக்கிற இடம் இருக்கும். அந்தக் கப்பலில அது இருக்கோ எண்டு இண்டைக்கே அண்ணாவைக் கேக்கச் சொல்லுங்கோ. எங்கட பேரன் தடாகத்துக் கரையில நிண்டு மூண்டு நாள் அழுதவன். எனக்கு அது இப்பவும் மனசில நிக்குது.

இரண்டாவது, பிள்ளையளைப் பாக்கிற கிளப். கூடுதலான கப்பலுகளில 3 வயசு நிறைஞ்சு, தானாக் கழிப்பறைக்குப் போகத் தெரிஞ்ச பிள்ளையளைத்தான் எடுப்பினம். உங்கட பெரியவள் அதுக்குள்ள சந்தோசமா ஓடித்திரிவாள். சின்னவன் முழுநேரமும் உங்கட இடுப்பிலதான். அதுக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு ஏறுங்கோ.

காசைப் பற்றி அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. ஒரு கபினில நாலு பேர் எண்டால் மூண்டாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறையும். ஆனா துறைமுக வரியும், வேலையாக்களுக்கு நாளுக்கு நாள் சேர்க்கிற அன்பளிப்பும் பிள்ளைக்கும் சேர்த்து வரும். இன்ரநெற்றுக்குத் தனிக்காசு. அங்க எடுக்கிற படமெல்லாம் விலை. கடைசி நாள் பில்லைப் பாத்து என்ர மருமகன் ஒரு நேரம் சாப்பிடேல்லை.

வல்வைக்கப்பல் | 2024 செப்டெம்பர் 9, இரவு 11.05

அக்கா, நான் வல்வெட்டித்துறை. பதினொரு வருசம் உல்லாசக் கப்பலுகளில கபின் துப்புரவு வேலையில நிண்டனான். அதில ஆறு நத்தார் கடலில. கொஞ்சம் விரிவா எழுதிறன்.

கபின்: மேல்தட்டில பால்கனியோட எடுப்பம் எண்டு அண்ணா சொல்லுவார். பிள்ளைக்குச் சத்தி வரும் எண்டால் கேளாதேங்கோ. ஒரு வள்ளத்தை நினைச்சுப் பாருங்கோ. அணியத்தில, அதான் முன்பக்கத்தில, நிண்டால் தூக்கிப் போடும், நடுவில இருந்தால் ஆட்டம் குறைவு. கப்பலும் அதுதான். நீளத்தில நடுப்பகுதி, உயரத்தில கீழ்த்தட்டு. அங்க தொட்டில் முன்கூட்டியே கேட்டால் காசில்லாமல் கொண்டுவந்து போடுவினம். பால்கனி எடுத்தாலும் கதிரை, மேசையைக் கம்பிப் பக்கம் வைக்கவேண்டாம். 6 வயசுப் பிள்ளை ஏறும்.

பாதை: பினாங்கு எண்டது நல்ல தெரிவு. மார்கழியில வாடை. தென்சீனக் கடல் பக்கம், வியட்நாம் போற பாதையில அலை எழும்பும். மலாக்கா நீரிணை அப்பிடியில்லை. ஒரு பக்கம் சுமாத்திரா, மற்றப் பக்கம் மலேசியா, ரெண்டும் மறைச்சுக்கொண்டு நிக்கும். எங்கட அமைதியான பண்ணைக் கடலுக்கும் அலை எழும்புற பருத்தித்துறைக் கடலுக்கும் மார்கழியில என்ன வித்தியாசமோ, அந்த வித்தியாசம்.

கேத்தில், அயன்பொக்ஸ், நீட்டு வயர் ஒண்டும் கபினுக்கு விடமாட்டினம், ஏறேக்க எடுத்து வச்சிடுவினம். பால்மா கரைக்கிற பிள்ளை எண்டால் நல்ல தேர்மஸ் போத்தல் ஒண்டு கொண்டுபோங்கோ, சாப்பாட்டு மண்டபத்தில சுடுதண்ணி எந்த நேரமும் இருக்கும். சமைச்ச சாப்பாடு விடமாட்டினம். உடைக்காத பக்கற்றில பிள்ளைச் சாப்பாடு விடுவினம்.

ஏறின அண்டைக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். பிள்ளையள் சிணுங்கினாலும் தட்டிக்கழிக்கக் கூடாது. உங்கட ஒன்றுகூடும் இடத்துக்கு ஒருக்கா நடந்துபோய்ப் பாருங்கோ. சின்னவனின்ர அளவுக்குப் பாதுகாப்பு அங்கி கபினில இல்லையெண்டால் அண்டைக்கே கேளுங்கோ. நாங்கள் கொண்டுவந்து தருவம். கேளாத தாய்மார்தான் கனபேர்.

மாமிக்கு ஒரு விசயம் சொல்லுங்கோ. சுனாமி ஆழக்கடலில உயராது. 2004இல அலை தொடங்கி ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு செய்மதி அளந்ததில, நடுக்கடலில உயரம் 60 சென்ரிமீற்றர் அளவுதான். அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து போற அலை, மேல நிக்கிற கப்பலுக்குத் தெரியவே தெரியாது. ஆழம் குறைஞ்ச கரைக்கு வரேக்கதான் எழும்பி அடிக்கும். அதால நடுக்கடலில நிண்டால் பயமில்லை.

காரைநகரான் | 2024 செப்டெம்பர் 10, காலை 7.50

ஏன் சிங்கப்பூர் வரை போவான்? காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் போன மாதம் 16ஆம் திகதி திரும்பத் தொடங்கினதுதானே. போன வருசம் ஆனியில சென்னையில இருந்து பெரிய உல்லாசக் கப்பலும் காங்கேசன்துறைக்கு வந்தது. நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனான்.

வல்வைக்கப்பல் | 2024 செப்டெம்பர் 10, காலை 10.20

தம்பி, நாகபட்டினக் கப்பல் நாலு மணித்தியாலப் பயணம், இருக்கையில இருந்து போறது. நல்ல விசயம்தான், ஆனா அது வேற. மார்கழியில அதை நம்பேலாது. போன வருசம் ஒக்ரோபர் 14 தொடங்கி ஒரு கிழமைக்குள்ள வாடையைக் காட்டி நிப்பாட்டினவை. அதோட இந்திய விசா.

அக்கா, விசா எண்ட உடன ஞாபகம் வருது. எங்கட பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனா பினாங்கு மலேசியா. அதுக்கு ஈ-விசா எடுத்துக்கொண்டுதான் ஏறவேணும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அண்ணா கனடாப் பாஸ்போட்டில போறவர், அவருக்கு இது யோசனைக்கே வராது. விசா இல்லாமல் வந்த குடும்பத்தைத் துறைமுகத்தில வச்சே திருப்பி விட்டதை என்ர கண்ணால பாத்தனான். ரெண்டு பிள்ளையள், நத்தார் தொப்பி போட்டுக்கொண்டு நிண்டதுகள்.

திருநெல்வேலித்தாதி | 2024 செப்டெம்பர் 10, இரவு 8.30

பிள்ளையள் வார்ட்டில வேலை செய்யிறன். சத்தி பற்றி: 2 வயசுக்குக் கீழ பயணச் சத்தி வாறது அரிது. 2இல இருந்து 12 வரைதான் கூட. அதால ரெண்டு பிள்ளையளையும் கவனிக்க வேண்டியிருக்கும். மருந்தை மருந்துக்கடையில நீங்களாக் கேட்டு வாங்கவேண்டாம், பிள்ளையின்ர நிறையைப் பாத்து டொக்டர் எழுதவேணும். இந்த மருந்து கனபேரை நித்திரையாக்கும், சில பிள்ளையளை எதிர்மாறாத் துடியாட்டமாக்கும். வீட்டில ஒருநாள் குடுத்துப் பாத்திட்டுத்தான் கொண்டுபோகவேணும்.

மற்றது கப்பலில பரவுற வயிற்றோட்டம், நோரோ வைரஸ். வாசலில வச்சிருக்கிற கைச்சுத்திகரிப்பு ஜெல் அந்தக் கிருமிக்குச் சரிவராது. சவர்க்காரம் போட்டு, தண்ணியில கழுவவேணும். சாப்பிடப்போக முன்னம், சின்னவன்ர பம்பர்ஸ் மாத்தின பின்னம். வயிற்றோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனி பக்கற் நாலைஞ்சு பையில வையுங்கோ.

கப்பலுக்கு முன்னம் ஒரு ஒத்திகை பாருங்கோவன். குறிகட்டுவானில ஏறி நயினாதீவு போனால் இருபது நிமிசம். நெடுந்தீவு எண்டால் ஒரு மணித்தியாலம். பிள்ளை என்ன செய்யிறாள் எண்டு தெரிஞ்சிடும்.

பாசையூர்த்தாய் | 2024 செப்டெம்பர் 23, இரவு 10.10

தாதி அக்கா சொன்னபடி போன கிழமை நெடுந்தீவு போய் வந்தம். போகேக்க பெரியவளுக்கு ஒண்டும் இல்லை! வெளிய, காத்துப் படுற இடத்தில, கண்ணுக்கு நேர கடல் தெரியிறமாதிரி இருத்தினது. வரேக்க உள்ளுக்கு இருந்தம், இடைவழியில சத்தி. அப்ப விளங்கிச்சு, அவளுக்குக் கண் தூரத்தில நிக்கவேணும். ஒரு விசயம் சொல்லவேணும்: போட்டில சின்னவன்ர அளவுக்கு அங்கி இருக்கேல்லை. பெரியாக்களின்ரயைக் கட்ட, அது தலைக்கு மேலால கழண்டு வருது. நாங்கள் இப்ப ஒண்டு சொந்தமா வாங்கி வச்சிருக்கிறம்.

வல்வைத் தம்பி சொன்ன 60 சென்ரிமீற்றர் கதையை மாமிக்குச் சொன்னன். முழுக்கக் கேட்டா. கேட்டிட்டு, "பினாங்கையும் அடிச்சதுதானே பிள்ளை" எண்டு மட்டும் சொன்னா. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. பிறகு தேடிப் பாத்தன், உண்மைதான். மலேசியாவில செத்த ஆக்களில பெரும்பகுதி பினாங்கில.

இப்ப என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவவை விட்டிட்டுப் போக இவருக்கு மனமில்லை. அண்ணா ரிக்கற் போடச் சொல்லி நெருக்கிறார்.

கரவெட்டிவாத்தி | 2024 செப்டெம்பர் 24, காலை 5.45

பிள்ளை, நான் மணற்காட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குச் சில காலம் படிப்பிச்சவன். சுனாமிக்குப் பிறகு அங்க நிவாரண வேலையிலயும் நிண்டனான். அதால எழுதிறன்.

உங்கட மாமி பயத்தைப் பற்றிக் கதைக்கேல்லை எண்டு நினைக்கிறன். இங்க எல்லாரும் அவவுக்குப் பயம் எண்டு எடுத்து, அலை எவ்வளவு உயரம் எண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறியள். 2024 டிசெம்பர் 26 எத்தினையாவது வருசம் எண்டு எண்ணிப் பாருங்கோ. இருபது. அந்தக் காலமை அந்த மணலில வந்து நிக்கிற ஆக்களை நான் வருசாவருசம் பாக்கிறன். வெளிநாட்டில இருந்துகூட வருகினம். இருபதாம் வருசம் அவ எங்க நிக்கவேணும் எண்டு நினைக்கிறா? அதைக் கேட்டனீங்களோ?

பாசையூர்த்தாய் | 2024 செப்டெம்பர் 24, இரவு 9.20

வாத்தியார், காலமை வாசிச்சிட்டு அழுதிட்டன். பின்னேரம் மாமி கீரை ஆய்ஞ்சுகொண்டிருக்கேக்க பக்கத்தில போய் இருந்து கேட்டன். "26 எங்க நிக்கவேணும் மாமி?" எண்டு. உடன சொன்னா: "தங்கச்சிக்கு மெழுகுதிரி கொளுத்தவேணும். இருபது வருசத்தில ஒருக்காலும் விடேல்லை." அவ்வளவுதான். அவவுக்குக் கப்பல் பிரச்சினை இல்லை. கப்பலில மாடு மாதிரிப் பெரிய நண்டு வைப்பினமோ எண்டு பெரியவள் கேட்டதுக்குச் சிரிச்சுக்கொண்டு பதில் சொன்னா.

பன்னிரண்டு வருசமா ஒரு வீட்டில இருக்கிறம். ஒருக்காலும் நான் அதைக் கேட்டதில்லை.

ஸ்காபறோமாமி | 2024 செப்டெம்பர் 25, காலை 5.30

அப்ப திகதியை மாத்துங்கோ தங்கச்சி! இதை முதலே சொல்லியிருக்கவேணும். நத்தார்ச் சோடினை நத்தாருக்கு அண்டைக்குப் போடுறதில்லை. கார்த்திகைக் கடைசி, மார்கழி முதல் கிழமையிலயே மரம் வச்சிடுவினம். தாத்தா, கரோல், பிஸ்கற் வீடு எல்லாம் மாதம் முழுக்க நடக்கும். ஒரு கிழமை முந்திப் போனால் அதே கப்பல், அதே சோடினை, சனம் குறைவு, விலையும் குறைவு. நள்ளிரவுப் பூசைக்கு உங்கட பாசையூர் அந்தோனியார் கோயிலில நிக்கலாம், 26 மணற்காட்டில நிக்கலாம்.

வல்வைக்கப்பல் | 2024 செப்டெம்பர் 25, பகல் 12.40

ஸ்காபறோ மாமி சொல்லுறது முழுக்கச் சரி. நத்தார்க் கிழமையில கப்பலில பிள்ளையள் எண்ணிக்கை வழமையைவிடக் கனக்க இருக்கும், கிளப்பிலயும் இடம் கிடையாது. வேலை செய்யிற எங்களுக்கும் அந்தக் கிழமை களைச்சுப்போற கிழமை. முதல் கிழமைகளில போற குடும்பங்களோட நிண்டு நாலு வார்த்தை கதைக்க எங்களுக்கு நேரம் இருக்கும்.

வாத்தியார் ஐயா, நான் அலை உயரம் எழுதினதுக்கு மனவருத்தம். எங்கட வீட்டிலயும் ஒரு ஆள் போனது. நான் அப்ப கடலில நிண்டனான், ஒண்டுமே தெரியேல்லை. பின்னேரம் ரீவியிலதான் பாத்தனான். அதாலதான் அந்தக் கணக்கை எல்லாம் படிச்சு வச்சிருக்கிறன்.

கப்பல் ஏற ஒரு நாள் முந்தியே சிங்கப்பூரில நில்லுங்கோ. கப்பல் ஒருத்தருக்காகவும் காத்து நிக்காது.

பாசையூர்த்தாய் | 2024 டிசெம்பர் 29, இரவு 8.50

போய் வந்திட்டம். கேட்ட எல்லாருக்கும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறன்.

16 ஏறி 19 இறங்கினம். அண்ணா முதல் கொஞ்சம் முகத்தைத் தூக்கினவர், விலையைப் பாத்திட்டுச் சரியெண்டார். பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில லீவு கேட்டு எடுத்தம். கார்த்திகைக் கடைசியில வந்த வெள்ளத்தில பாசையூர் ஒழுங்கையெல்லாம் தண்ணி, போகேலாதோ எண்டு பயந்தனான். அதால கட்டுநாயக்காவுக்கு ஒரு நாள் முந்தியே வெளிக்கிட்டு நீர்கொழும்பில தங்கினம். சிங்கப்பூரிலயும் ஒரு இரவு. சின்னவனுக்கு இந்த ரெண்டு இரவும் தேவைப்பட்டது. அங்க நேரம் எங்களைவிட ரெண்டரை மணித்தியாலம் முந்தி. அவன் முதல் நாள் இரவு ஒரு மணிவரை கட்டிலில குதிச்சுக்கொண்டு நிண்டவன்.

ஏறின உடன நடுமண்டபத்தில மூண்டு மாடி உயர நத்தார் மரம். பெரியவள் அப்பிடியே நிண்டிட்டாள். "அம்மா, இது கடலுக்கு மேலயோ?" எண்டு ரெண்டுதரம் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே போயிருக்கலாம் எண்டு எனக்குத் தோணிச்சு. சத்தி ஒருக்காலும் வரேல்லை. நடுக்கபின், கீழ்த்தட்டு, நாளுக்கு ரெண்டுதரம் மேல கூட்டிக்கொண்டுபோய்த் தூரத்தைப் பாக்க வைக்கிறது. மருந்து பையில இருந்தபடியே திரும்பி வந்தது.

நத்தார் தாத்தாவைக் கண்டு சின்னவன் வீரிட்டு அழுதான். வரிசையில முக்கால் மணித்தியாலம் நிண்டு, பக்கத்தில போனவுடன அழுகை. படத்தில அவன்ர வாய் மட்டும்தான் தெரியுது. 2 வயசுப் பிள்ளையோட போறவை அந்த வரிசைக்குப் போகாதேங்கோ, தூரத்தில நிண்டு கை காட்டினால் காணும். அவனுக்குக் கப்பலில பிடிச்சது லிப்ற்றும், சாப்பாட்டு மண்டபத்தில அன்னாசிப்பழமும், எங்கட கபின் துப்புரவாக்கின பிலிப்பைன்ஸ் தம்பி துவாயில மடிச்சு வச்ச குரங்கும்தான். தண்ணி தெளிக்கிற இடம் இருந்தது, ஆனா பம்பர்ஸ் பிள்ளையளுக்கு அதிலயும் விடேல்லை. குளியலறையில வாளித் தண்ணியில விளையாட விட்டம்.

பினாங்கில கப்பல் ஊருக்குப் பக்கத்திலயே கட்டினது. வண்டில் தள்ளிக்கொண்டு நடந்தே லிற்றில் இந்தியாவுக்குப் போனம். வடைக்கடையில தமிழில கதைக்க, பெரியவளுக்குப் பெரிய ஆச்சரியம். மாமி அங்க இருக்கிற விண்ணேற்பு மாதா கோயிலுக்குப் போகவேணும் எண்டா. ஒரு திரி கொளுத்தினா. ஆருக்கு எண்டு கேக்கேல்லை, அவவே சொன்னா: "இஞ்ச செத்த ஆக்களுக்கு."

இரண்டாம் நாள் விடிய ஐஞ்சு மணிக்கு எழும்பிப் பாக்க மாமியைக் காணேல்லை. பதறிப்போய் மேல ஓடினால், தட்டில போர்வையைப் போத்திக்கொண்டு நிக்கிறா. தூரத்தில சின்னச் சின்ன வெளிச்சம். "வலைக்காரர்" எண்டா. விடியுமட்டும் ரெண்டுபேரும் நிண்டம்.

24 இரவுப் பூசைக்குப் பாசையூரில நிண்டம். 26 காலமை மணற்காடு. இந்தமுறை அண்ணா குடும்பமும் வந்தது. பெரியவள் மாமியின்ர தங்கச்சிக்கெண்டு கப்பலில தந்த பிஸ்கற் வீட்டின்ர கூரைத் துண்டு ஒண்டைப் பையில வச்சுக் கொண்டுவந்தவள், அதை மெழுகுதிரிக்குப் பக்கத்தில வச்சாள். எறும்பு வருமெண்டு நான் எடுக்கப்போக, மாமி விடேல்லை.

திருநெல்வேலித்தாதி | 2024 டிசெம்பர் 30, காலை 6.40

வாசிச்சு மனசு நிறைஞ்சுபோச்சு. சின்னவனுக்கு வயித்துக்கு ஒண்டும் இல்லைத்தானே?

பாசையூர்த்தாய் | 2024 டிசெம்பர் 30, காலை 7.15

ஒண்டும் இல்லை அக்கா. ஜீவனியும் திரும்பி வந்திட்டுது. தேர்மஸ் போத்தலைத்தான் கப்பலில மறந்துபோய் விட்டிட்டம்.